புகார் குறைந்தும் திருப்தி கூடாத இணையதளம்: வடிவமைப்புக் கூறுகள் பற்றி ஒரு விளக்கம்

உங்கள் நிறுவனம் தன் இணையதளத்தைக் கணிசமான செலவில் புதுப்பித்திருக்கிறது. பக்கங்கள் விரைவாகத் திறக்கின்றன, உடைந்த இணைப்புகள் நீக்கப்பட்டுவிட்டன, புகார் மின்னஞ்சல்களும் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆயினும் பயனர்களிடம் கேட்டுப் பெறும் திருப்தி மதிப்பெண் இருந்த இடத்திலேயே நிற்கிறது. இதற்குக் காரணம் என்ன, வடிவமைப்பின் எந்தக் கூறுகள் திருப்தியைத் தருகின்றன, எவை அதிருப்தியைத் தருகின்றன என்பது நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி. அதிருப்தி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு திருப்தி கூட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பு பொருந்தாது என்பதற்குப் போதுமான ஆய்வுகள் இருக்கின்றன. திருப்தியும் அதிருப்தியும் வேறு வேறு காரணங்களால் ஏறி இறங்குபவை என்று எடுத்துக்கொண்டால்தான் உங்கள் தளத்தில் நடந்திருப்பது விளங்கும்.

இந்தக் கருத்து இணையத்துக்கு முந்தியது. அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், தம் சக ஆய்வாளர்களுடன் பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் சந்தித்து, வேலையில் மிகவும் மகிழ்ந்த தருணம் எது, மிகவும் வெறுத்த தருணம் எது என்று கேட்டார். 1959இல் வெளியான அந்த ஆய்வில், மகிழ்ச்சியைப் பற்றிப் பேசியவர்கள் சாதனை, பாராட்டு, பொறுப்பு, வேலையின் தன்மை ஆகியவற்றைச் சொன்னார்கள்; வெறுப்பைப் பற்றிப் பேசியவர்கள் நிர்வாகத்தின் விதிமுறைகள், மேலதிகாரியின் போக்கு, சம்பளம், பணியிடச் சூழல் ஆகியவற்றைச் சொன்னார்கள். ஒரு பட்டியலைத் தலைகீழாகப் புரட்டினால் மற்றது கிடைக்கவில்லை என்பதே அவர் கண்டது. இரண்டாவது வகையைச் சுகாதாரக் காரணிகள் என்று அவர் குறிப்பிட்டார். சுகாதாரம் நோயைத் தடுக்கும், தானாக உடல் வலிமையைத் தந்துவிடாது என்ற பொருளில். முதல் வகைக்கு ஊக்கக் காரணிகள் என்று பெயர்.

சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிங் ஜாங், கிசெலா வான் டிரான் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2000இல் இதே பிரிவினையை இணையதளங்களுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு தளத்தின் ஒவ்வொரு கூறையும் எடுத்துக்கொண்டு, இது இல்லாவிட்டால் எரிச்சல் வருமா, இருந்தால் மகிழ்ச்சி வருமா என்று பயனர்களையே வகைப்படுத்தச் செய்தார்கள். தொழில்நுட்ப அம்சங்கள், தளத்துக்குள் வழி கண்டு செல்லும் வசதி, தனியுரிமையும் பாதுகாப்பும், பக்கச்சார்பின்மை, தகவல் உள்ளடக்கம் போன்றவை சுகாதாரக் காரணிகளின் பக்கம் சாய்ந்தன. பார்வைக்கு இனிமை, நம்பகத்தன்மை, பயன்படுத்தும்போது கிடைக்கும் இன்பம், புதிதாக ஏதேனும் அறிந்துகொண்ட உணர்வு, பயனருக்குக் கிடைக்கும் கட்டுப்பாடு, தகவலை ஒழுங்குபடுத்தியிருக்கும் முறை போன்றவை ஊக்கக் காரணிகளின் பக்கம் சாய்ந்தன.

இந்தப் பகுப்பில் என்னை மிகவும் சிந்திக்க வைப்பது, தகவல் ஒரு பக்கமும் அந்தத் தகவலின் ஒழுங்கு மறுபக்கமும் போய் நிற்பதுதான். பேருந்து நேர அட்டவணை வெளியிடும் ஒரு தளத்தை எடுத்துக்கொண்டால், அதில் உள்ள நேரங்கள் சரியாக இருக்கின்றன என்பதற்காக யாரும் அந்தத் தளத்தைப் பாராட்டப் போவதில்லை. சரியாக இருப்பது அதன் கடமை. அதே நேரங்களை, நான் நிற்கும் நிறுத்தத்திலிருந்து இன்னும் அரைமணி நேரத்துக்குள் நான் போக வேண்டிய ஊருக்குப் புறப்படும் வண்டிகள் என்று வரிசைப்படுத்திக் காட்டினால், அப்போதுதான் பயனருக்கு இந்தத் தளம் நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தோன்றும். உங்கள் நிறுவனம் செய்த திருத்தங்களை இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள். வேகம், உடையாத இணைப்பு ஆகிய இரண்டும் சுகாதாரக் காரணிகள். அவற்றைச் சரிசெய்ததால் எரிச்சல் அடங்கியது, எரிச்சல் அடங்கியவுடன் மனம் நடுநிலைக்கு வந்தது. அதற்கு மேலே ஏறுவதற்கான எதையும் அந்தத் திருத்தங்கள் தரவில்லை.

எல்லாவற்றையும் இப்படி இரண்டு கூடைகளில் போட்டுவிட முடியுமா என்று கேட்டால், முடியாது. ஹெர்ஸ்பெர்க்கின் முறைக்கே ஒரு பழைய கண்டனம் உண்டு: நல்லது நடந்தால் தம் திறமையால் நடந்தது என்றும், கெட்டது நடந்தால் சூழலால் நடந்தது என்றும் சொல்வது மனித இயல்பு, ஆகவே நேர்காணலில் இரு பட்டியல்கள் கிடைத்ததில் வியப்பில்லை என்பது அந்தக் கண்டனம். இணையத்தில் இது சற்று மாறி நடக்கிறது என்பது என் கருத்து. சோதனைக்காகப் பயனர்களை உட்கார வைத்து ஒரு வேலையைச் செய்யச் சொன்னால், தவறு தளத்தினுடையதாக இருந்தாலும், எனக்குத்தான் கம்ப்யூட்டர் சரியாக வராது என்று தம்மையே நொந்துகொள்பவர்கள் பலர். வயதானவர்களிடம் இது இன்னும் அதிகம். அவர்கள் தரும் மதிப்பெண்ணில் தளத்தின் குறை பதிவாகாமலே போய்விடும்.

இரண்டு கூடைகளின் போதாமையை ஜப்பானியத் தர ஆய்வாளர் நோரியாகி கானோ 1984இல் முன்வைத்த மாதிரி ஓரளவு தீர்க்கிறது. இல்லாவிட்டால் வெறுப்பூட்டி, இருந்தால் கவனத்துக்கே வராத அடிப்படைக் கூறுகள். எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு திருப்தியும் கூடும் நேர்விகிதக் கூறுகள். இல்லாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை, இருந்தால் மகிழ்விக்கும் கவர்ச்சிக் கூறுகள் என்று மூன்றாகப் பிரித்ததோடு, இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்ற வகையையும், இருப்பதே தொல்லை என்ற வகையையும் அவர் சேர்த்தார். கண்டுபிடிக்கும் வழியும் எளிது. ஒவ்வொரு கூறுக்கும் இரண்டு கேள்விகள்: இது இருந்தால் எப்படி உணர்வீர்கள், இது இல்லாவிட்டால் எப்படி உணர்வீர்கள். இரண்டு பதில்களையும் சேர்த்து வாசித்தால் அந்தக் கூறு எந்த வகை என்பது தெரியும். பெரும்பாலான கருத்துக்கணிப்புகளில் முதல் கேள்வி மட்டுமே கேட்கப்படுகிறது. அடிப்படைக் கூறுகளின் முக்கியத்துவம் நிர்வாகத்தின் கண்ணுக்குத் தப்புவது பெரும்பாலும் இதனால்தான்.

இனி அதிருப்தியின் காரணங்களுக்கு வருகிறேன். திருத்துவதற்கு மிகுதியாக இருப்பதும், திருத்தினால் உடனே பலன் தெரிவதும் இங்கேதான். முதலில் காலம். பதில் 0.1 விநாடிக்குள் வந்தால் தன் விரலே அதைச் செய்ததுபோல் பயனர் உணர்கிறார், 1 விநாடி வரை சிந்தனை அறுபடாமல் நீடிக்கிறது, 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது என்ற அளவுகோல், 1968இல் ராபர்ட் மில்லர் எழுதிய கட்டுரையில் வேர்கொண்டு, 1993இல் பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேகப் நீல்சன் வழியாகப் பரவலானது. கருவிகள் எத்தனையோ முறை மாறியும் இந்த எண்கள் மாறாததற்குக் காரணம், அவை மனித மனத்தின் எல்லைகள் என்பதே. கூகுள் 2020இல் அறிவித்த அளவீடுகளும் இதே தடத்தில்தான் செல்கின்றன: பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும்; 2024இல் சேர்க்கப்பட்ட அளவீட்டின்படி, தொட்டதற்குப் பதில் 200 மில்லிவிநாடிக்குள் வர வேண்டும். அந்தத் தொகுப்பில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, பக்கம் திறந்துகொண்டிருக்கும்போதே அதன் உறுப்புகள் இடம் பெயர்வதை அளக்கும் மூன்றாவது அளவீடு. ஒரு செய்தியின் தலைப்பைத் தொடப் போகும் நொடியில் மேலே ஒரு விளம்பரம் வந்து விழ, தலைப்பு கீழே இறங்கி, விரல் விளம்பரத்தில் பட்டு வேறொரு தளம் திறந்துகொள்ளும் அனுபவம் கைபேசியில் செய்தி படிக்கும் எவருக்கும் நேர்ந்திருக்கும். இதில் இழப்பு சில விநாடிகள்தான். ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற உணர்வு அந்தத் தளத்தின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது.

காத்திருப்பின் நீளத்தைவிட அதன் நிச்சயமின்மையே அதிகம் துன்புறுத்துகிறது. பணம் செலுத்தியபின் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தைப் புதுப்பிக்கலாமா, புதுப்பித்தால் பணம் இரண்டு முறை போய்விடுமா என்று அஞ்சுபவருக்கு 20 விநாடியும் ஒரு யுகம். அதே 20 விநாடியில், வங்கியின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறோம், இந்தப் பக்கத்தை மூட வேண்டாம், பணம் பிடிக்கப்பட்டு ரசீது வராவிட்டால் இத்தனை நாளில் திரும்பி வரும் என்று மூன்று வரிகள் இருந்தால் பெரும்பாலான எரிச்சல் எழவே எழாது. எவ்வளவு முடிந்திருக்கிறது என்று காட்டும் பட்டையைப் பயனர்கள் விரும்புகிறார்கள் என்பதை கணினி ஆய்வாளர் பிராட் மையர்ஸ் 1985இலேயே ஆய்ந்து காட்டிவிட்டார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் சுற்றும் வட்டமே பல தளங்களில் ஆட்சி செய்கிறது.

இரண்டாவது, வாசலிலேயே நிறுத்துவது. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தையான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டபோது நடந்தது இதற்கு நல்ல பாடம். லட்சக்கணக்கானோர் வந்த அந்த முதல் நாளில் காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்ந்து பதிவை முடித்தவர்கள் 6 பேர் என்று பின்னர் வெளியான அரசு ஆவணக் குறிப்புகள் காட்டின. கோளாறுகள் பல இருந்தன. அவற்றுள் முக்கியமான ஒன்று முழுக்க முழுக்க வடிவமைப்பு முடிவு. திட்டங்களையும் விலைகளையும் வெறுமனே பார்க்க விரும்புபவரும் முதலில் கணக்கு தொடங்கியே ஆக வேண்டும் என்று வைத்ததால், வேடிக்கை பார்க்க வந்தவர், விலை கேட்க வந்தவர், வாங்க வந்தவர் என எல்லோரும் பலவீனமான ஒரே வாயிலில் நெரிந்தார்கள். பின்னர் கணக்கில்லாமலே திட்டங்களைப் பார்க்க வழி செய்யப்பட்டது, சர்வர்களும் நிரல்களும் சீர்செய்யப்பட்டன. மாநிலங்கள் நடத்திய சந்தைகளையும் சேர்த்து 2014 ஏப்ரலுக்குள் சுமார் 80 லட்சம் பேர் பதிவு செய்தார்கள். அந்தத் தளத்தை யாரும் அப்போது காதலிக்கத் தொடங்கிவிடவில்லை. தடை நீங்கியது, வேலை நடந்தது, அவ்வளவுதான். உங்கள் தளத்திலும் ஏறத்தாழ இதுதான் நடந்திருக்கிறது.

மூன்றாவது, படிவங்கள். இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தனி வேதனை உண்டு. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகள் வைத்து இரண்டையும் கட்டாயமாக்கும் படிவத்தின் முன், தலைப்பெழுத்தும் ஒற்றைப் பெயரும் மட்டுமே உடைய ஒருவர் என்ன செய்வார்? சிலர் தலைப்பெழுத்தையே குடும்பப்பெயராக இடுவார்கள்; குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று படிவம் மறுக்கும். சிலர் தந்தையின் பெயரை இடுவார்கள். விமான நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிலர் புள்ளி வைப்பார்கள். சிறப்புக் குறிகள் கூடாது என்று சிவப்பு எழுத்தில் வரும். ஒரு தளத்தில் ஒரு வழியும் இன்னொரு தளத்தில் வேறு வழியும் கையாண்டதால், ஒரே மனிதருக்கு ஆவணத்துக்கு ஆவணம் பெயர் மாறி, பிறகு அதைத் திருத்த அலைய வேண்டியிருக்கிறது. பிரிட்டன் அரசின் வடிவமைப்பு வழிகாட்டி, ஒரே பெட்டியில் முழுப்பெயரைக் கேட்பதே மிகப் பலவகைப் பெயர்களுக்கு இடம் தரும் என்று சொல்கிறது. இதைச் செய்ய ஒரு பெட்டியை நீக்கினால் போதும். ஆனால் இந்தக் குறையைப் பற்றிப் புகார் மின்னஞ்சல் எழுதுபவர் அரிது; நம் பெயர்தான் முறைப்படி இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டு எதையாவது நிரப்பிவிட்டுப் போகிறவர்களே மிகுதி. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தயாராகும் தளங்களில்கூட வெளிநாட்டுப் படிவத்தின் நகல் அப்படியே இடம்பெறுவது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று.

வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து, கைபேசியில் பெருவிரலுக்கு எட்டாத சிறிய பொத்தான்கள், எழுத்தைப் படமாகப் போட்டுவைத்து பார்வையற்றோரின் திரைவாசிப்பானை ஊமையாக்கும் அறிவிப்புகள் ஆகியவையும் இதே பக்கத்தைச் சேர்ந்தவை. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது போன்ற தெளிவான விதிகள், மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மை நெறிமுறைகளில் 2008 முதலே இருப்பதால் இவற்றை நீட்டவில்லை.

திருப்தியின் பக்கம் வந்தால், எல்லோரும் முதலில் சொல்வது அழகு. அழகுக்கு உண்மையான பங்கு உண்டு. அந்தப் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1995இல் ஜப்பானில் மசாகி குரோசு, காவோரி காஷிமுரா ஆகிய இருவர் ஏடிஎம் இயந்திரத் திரையின் பலவகை அமைப்புகளை 252 பேரிடம் காட்டி, எது அழகு, எது பயன்படுத்த எளிது என்று கேட்டார்கள். அழகாகத் தெரிந்தவையே எளியவையாகவும் தெரிந்தன. ஜப்பானியர்களின் அழகுணர்ச்சியால் வந்த முடிவாக இருக்கலாம் என்ற ஐயத்தோடு இஸ்ரேலிய ஆய்வாளர் நோம் டிராக்டின்ஸ்கி 1997இல் தம் நாட்டில் அதைத் திருப்பிச் செய்து பார்த்தார். அங்கே அந்தத் தொடர்பு இன்னும் வலுவாக வெளிப்பட்டது. 2006இல் கனடாவில் கிட்டே லிண்ட்கார்டு குழுவினர், ஒரு பக்கத்தை 50 மில்லிவிநாடி மட்டுமே காட்டினாலும் அது அழகா இல்லையா என்ற முடிவு மனத்தில் உருவாகிவிடுகிறது என்று காட்டினார்கள். ஆக, அழகு செயல்படுவது தொடக்கத்தில். ஒரு சொல்லையும் படிக்காத நிலையிலேயே தளத்தின்மேல் நல்லெண்ணத்தை ஏற்படுத்தி, சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் மனநிலையைத் தருகிறது.

அந்தப் பொறுமைக்கு எல்லை உண்டு என்பதற்கு பூ.காம் சாட்சி. லண்டனிலிருந்து விளையாட்டு ஆடைகளும் நாகரிக ஆடைகளும் விற்ற அந்த நிறுவனம் 1999 நவம்பரில் தளத்தைத் திறந்தது. ஆடைகளை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம், மிஸ் பூ என்ற உயிரோவியப் பெண் அருகில் நின்று ஆலோசனை சொல்வாள். அன்றைக்கு யாரும் கண்டிராத கவர்ச்சிகள். ஆனால் பெரும்பாலானோர் வீட்டில் தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தில் நுழைந்த காலம் அது. பக்கம் திறப்பதற்குள் பொறுமை தீர்ந்தது, சில கணினிகளில் தளம் இயங்கவே இல்லை. ஏறத்தாழ 13.5 கோடி டாலரைச் செலவிட்டுவிட்டு 2000 மே மாதத்தில் நிறுவனம் மூடப்பட்டது. தோல்விக்கு நிதி நிர்வாகமும் காரணம்தான். ஆனாலும் அடிப்படைக் கூறுகள் இல்லாத இடத்தில் கவர்ச்சிக் கூறுகளை அடுக்குவதால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

மறுமுனையில் நிற்பது பிரிட்டன் அரசின் கவ்.யூகே. 2012 அக்டோபரில் முந்தைய இரண்டு பெரிய அரசுத் தளங்களின் இடத்துக்கு வந்த இந்தத் தளத்தில் ஓவியம் இல்லை, அசையும் படம் இல்லை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, ஒரு தேடல் பெட்டி. அதற்கு 2013இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதைக் கொடுத்தபோது பலர் புருவம் உயர்த்தினார்கள். அந்தத் தளத்தின் பலம், குடிமகன் எந்தத் துறை என்று அறியாமலே தன் வேலையின் பெயரைச் சொல்லி உள்ளே நுழைய முடிந்ததில் இருக்கிறது. வங்கி விடுமுறை (பிரிட்டனில் பொது விடுமுறைக்கு வழங்கும் பெயர்) எப்போது என்று தேடி வந்தவருக்கு, அடுத்த விடுமுறைத் தேதி பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் தெரியும். அவர் இரண்டு விநாடியில் திரும்பிப் போய்விடுவார். தகவலின் ஒழுங்கு ஊக்கக் காரணி என்று மேலே சொன்னதன் உருவம் இதுதான். என் தனிப்பட்ட கணிப்பில், அரசு, வங்கி, மருத்துவமனை போன்ற வேலை முடிக்க வரும் தளங்களில் திருப்தியின் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது. ஓவியங்களுக்கும் அசைவுகளுக்கும் ஒதுக்கும் பணத்தை நல்ல உரைநடை எழுதுபவர் ஒருவருக்குக் கொடுத்தால் பலன் கூடும். பொழுதுபோக்குத் தளங்களுக்கு இது பொருந்தாது. ஜாங்கும் வான் டிரானும் அடுத்து நடத்திய ஆய்விலும், நிதி, வணிகம், கல்வி, பொழுதுபோக்கு எனத் துறை மாற மாற, எந்தக் கூறு எவ்வளவு முக்கியம் என்ற வரிசை மாறியது.

வரிசையை மாற்றும் இன்னொரு பெரிய சக்தி காலம். இன்று மகிழ்விப்பது நாளை எதிர்பார்க்கப்படுவதாகவும், அதற்கடுத்த நாள் இல்லாவிட்டால் கோபமூட்டுவதாகவும் இறங்கிவிடுகிறது. இதற்குத் தமிழ் இணையத்தின் வரலாற்றைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. 1990களின் பிற்பகுதியில் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தன. ஒரு வார இதழைப் படிக்க வேண்டுமானால் அதன் எழுத்துருவை இறக்கிக் கணினியில் நிறுவ வேண்டும். இன்னொரு நாளிதழுக்கு இன்னொன்று. நிறுவாவிட்டால் திரையில் ஆங்கில எழுத்துகளும் விநோதக் குறிகளும் கலந்து கொட்டியதுபோல் தெரியும். டிஸ்கி, டாப், டாம் என்று, எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் குறியாக்கங்கள் பல. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த முயன்றது. அக்காலத்தில், பக்கத்தோடு எழுத்துருவும் தானாகவே வந்து இறங்கும் இயங்கு எழுத்துரு வசதியைக் கொடுத்த தளம் வாசகருக்குப் பேரதிசயம். கடிதம் எழுதிப் பாராட்டினார்கள். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடும், உலகப் பொதுக் குறியாக்கமான யுனிகோடில் தமிழ் ஆதரவோடும் வந்த பிறகு, வலைப்பதிவுகள் பெருகிய ஆண்டுகளில், எதையும் நிறுவாமலே தமிழ் படிக்க முடிவது சாதாரணமாயிற்று. தொடக்க கால ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தபோது அது குறையாகப் பேசப்பட்டது. இன்று ஒரு தளத்தில் ஒற்றைக்கொம்பு எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றால் வாசகர் அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறார். பாராட்டுக் கடிதத்திலிருந்து பக்கத்தை மூடுவது வரை வர இருபது ஆண்டு போதுமானதாக இருந்தது. அந்த வசதி துளியும் குறையவில்லை. எதிர்பார்ப்புதான் அதைத் தாண்டிப் போயிற்று.

இதனால் நடைமுறையில் ஒரு விளைவு உண்டு. ஆங்கிலத் தளத்தின் அமைப்பை அப்படியே எடுத்துத் தமிழை ஊற்றும்போது, சொற்கள் நீளமாக இருப்பதால் பொத்தானின் எல்லையைத் தாண்டி எழுத்து வழிகிறது, வரிகளுக்கிடையே போதிய இடைவெளி இல்லாததால் மேல்வரியின் கால்களும் கீழ்வரியின் கொம்புகளும் மோதுகின்றன. பத்தாண்டுகளுக்கு முன் தமிழில் இருப்பதே பெரிது என்று வாசகர் பொறுத்துக்கொண்டிருப்பார். இப்போது பொறுப்பதில்லை; ஆங்கிலப் பக்கத்துக்கு மாறிவிடுகிறார், நிறுவனமோ தமிழ்ப் பக்கத்துக்கு வரவேற்பில்லை என்று முடிவுகட்டுகிறது.

கானோ சொன்ன, இருப்பதே தொல்லையான வகையைப் பற்றியும் ஒரு சொல். ஒலியோடு தானே ஓடும் காணொளி இதன் தெளிவான உருவம். 2018இல் குரோம் உலாவியே அதைத் தடுக்கும் நிலைக்குப் போயிற்று. இதற்கு ஒரு படி மேலே, பயனரை வேண்டுமென்றே தடுமாறச் செய்யும் வடிவங்கள் உண்டு. சேர்வதற்கு ஒரு தொடுதல், விலகுவதற்கு ஆறு பக்கம். கூடையில் நாம் போடாத காப்பீடு. வேண்டாம் என்பதற்கு, எனக்குப் பணத்தைச் சேமிப்பதில் விருப்பமில்லை என்று எழுதிய பொத்தான். 2010இல் பிரிட்டன் வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் இவற்றுக்கு இருண்ட வடிவங்கள் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இவற்றுள் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்யும் வழிகாட்டுதல்களை அறிவித்தது. அளவீடு பற்றிப் பேசும் இடத்தில் இவற்றைக் குறிப்பிடக் காரணம், இவை குறுகிய கால எண்களை உயர்த்திக் காட்டும் என்பதே. விலகல் குறைந்ததைத் திருப்தி என்று அறிக்கையில் எழுதிவிட முடியும்; வழி தெரியாமல் உள்ளே மாட்டிக்கொண்டவர்களும் அந்த எண்ணில் அடக்கம்.

உங்கள் தளத்துக்கு இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். ஒரே மதிப்பெண்ணை நம்புவதை விடுங்கள். ஐந்துக்கு மூன்று என்ற சராசரி, எல்லோரும் மூன்று கொடுத்ததாலும் வரும், பாதிப்பேர் ஐந்தும் மீதிப்பேர் ஒன்றும் கொடுத்ததாலும் வரும்; முதலாவது, எரிச்சலும் இல்லை மகிழ்ச்சியும் இல்லை என்ற நிலை, இரண்டாவதில் யாரோ ஒரு சாராருக்கு அடிப்படைக் கூறு ஒன்று உடைந்திருக்கிறது. மதிப்பெண்களின் பரவலைப் பாருங்கள். ஒன்றும் இரண்டும் அருகிப் போய், மூன்றில் பெரும் குவியல் இருந்தால், புதுப்பித்தல் தன் வேலையைச் செய்துவிட்டது. இனித் தேவைப்படுவது ஊக்கக் காரணிகள். உங்கள் பயனர்கள் அடிக்கடி செய்யும் இரண்டு மூன்று வேலைகளைத் தேர்ந்து, அவற்றைச் சுற்றித் தகவலை மறுபடி அடுக்குங்கள். கானோவின் இரட்டைக் கேள்விகளை, சேர்க்க நினைக்கும் ஒவ்வொரு வசதிக்கும் கேட்டுப் பாருங்கள்; ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி கேளுங்கள், ஏனெனில் பதில்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

முடிவுப் பக்கத்தைக் கவனியுங்கள். உளவியலாளர் டேனியல் கானமனும் பிறரும் 1993இல் வெளியிட்ட குளிர்நீர்ச் சோதனையில், கையை 60 விநாடி கடுங்குளிர் நீரில் வைத்தவர்கள், இன்னொரு முறை அதே 60 விநாடியோடு சற்றே குளிர் குறைந்த 30 விநாடியும் சேர்த்து வைத்தார்கள். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தார்கள். அனுபவத்தின் மொத்தக் கணக்கைவிட அதன் உச்சமும் முடிவும் நினைவில் நிற்கின்றன. ஆயினும் பல தளங்களில் மிகவும் புறக்கணிக்கப்பட்ட பக்கம் கடைசிப் பக்கம்தான்: வெற்றி என்ற ஒற்றைச் சொல்லும் நீண்ட பரிவர்த்தனை எண்ணும். என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கும், எப்போது நடக்கும், தவறினால் யாரை அழைப்பது, ரசீதை எங்கே பெறுவது என்று நான்கைந்து தெளிவான வரிகள் அங்கே எழுதுவதற்குச் செலவு ஏதுமில்லை.

கடைசியாக, கருத்துக்கணிப்பை யாரிடம் நடத்துகிறீர்கள் என்று பாருங்கள். வேலையை முடித்த பிறகு தோன்றும் நட்சத்திரக் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள், முடித்தவர்கள் மட்டுமே. பெயர்ப் பெட்டியிலோ, மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சாவிலோ, ஓடிபிக்குக் காத்திருந்தோ பாதியில் விட்டுச் சென்றவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. புகார்கள் குறைந்த அதே மாதங்களில், படிவத்தைத் தொடங்கியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் முடித்தார்கள் என்பதை சர்வர் பதிவுகளிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் எண்ணிக்கை சட்டென்று சரிகிறதோ அந்தப் பக்கத்தை உங்கள் அலுவலகத்தைச் சேராத ஐந்தாறு பேரிடம், முடிந்தால் வெவ்வேறு வயதினரிடம், அவர்களுடைய சொந்தக் கைபேசியிலேயே கொடுத்து, உதவி செய்யாமல் அருகில் உட்கார்ந்து கவனியுங்கள். அந்தப் பக்கம் சரியாகும் வரை மதிப்பெண்ணைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைக்கலாம்.